சுவரில் தொங்கும் சிவப்பு சிலிண்டரை யார் தூக்குவது?

ஈஸ்ட்ஹாம், டூட்டிங், ஹரோ என்று லண்டனில் எங்கட ஆக்கள் கடை நடத்துகிற தெருக்களில், கடைச் சுவரில் ஒரு சிவப்பு தீயணைப்புக் கருவி தொங்கும். வருசத்துக்கு ஒருக்கா ஒருவர் வந்து பார்த்து, லேபிளில் திகதி போட்டுவிட்டுப் போவார். தீப்பிடித்தால் அதைத் தூக்குவது யார் என்று கேட்டுப் பாருங்கள். முதலாளி மனேஜரைக் காட்டுவார். மனேஜர் சமையலறைப் பெடியனைக் காட்டுவார். அவனோ போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 2005ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு ஆணையின் 21ஆவது பிரிவைப் பாருங்கள். வேலைக்குச் சேரும்போதே பயிற்சி கொடுக்க வேண்டும். புதிய இயந்திரம் வந்து ஆபத்து கூடினால் மறுபடியும் கொடுக்க வேண்டும். தேவைக்கேற்ப காலத்துக்குக் காலம் அதைத் திரும்பச் செய்ய வேண்டும். அதுவும் வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும். செலவைத் தொழிலாளியின் தலையில் கட்ட முடியாது என்கிறது 40ஆவது பிரிவு. “லீவு நாளில வந்து பழகிப்போட்டுப் போ தம்பி” என்ற கதைக்கு அங்கே இடமில்லை.

பயிற்சி ஏன் இவ்வளவு முக்கியம்? எங்கட டேக்அவே கடைகளையே எடுத்துக்கொள்வோம். பொரிக்கிற எண்ணெய் பற்றினால் பதற்றத்தில் கை முதலில் தண்ணீரைத்தான் தேடும். கொதிக்கிற எண்ணெயில் விழுந்த தண்ணீர் ஒரே கணத்தில் ஆவியாகி, எரியும் எண்ணெயை மேலே தூக்கி எறியும். கறுப்புப் பட்டை போட்ட கார்பன் டை ஆக்சைடு கருவி மின்சாரத் தீக்கு நல்லது. எண்ணெய்ச் சட்டியில் அடித்தால், அதன் வேகமே எண்ணெயைச் சிதறடிக்கும். சமையலறைக்கு உரியது மஞ்சள் பட்டை போட்ட வெட் கெமிக்கல் கருவி. எல்லாம் ஒரே சிவப்பு நிறம். வித்தியாசம் அந்தச் சின்னப் பட்டையில் மட்டும். புகைக்குள் நின்று லேபிள் வாசிக்க யாருக்கும் நேரம் கிடைக்காது.

இன்னொன்று, அந்தச் சிலிண்டர் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. பின்னை இழுத்துவிட்டு எங்கே குறி வைப்பது என்று யோசிப்பதற்குள் பாதி முடிந்துவிடும். கையில் தூக்கி ஒருமுறை அடித்துப் பழகியவருக்கும் வீடியோ மட்டும் பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும். எப்போது அணைக்கக்கூடாது என்பதும் பயிற்சியின் பாதி. தீ பெரிதாகிவிட்டாலோ வெளியேறும் வழி மறிபட்டாலோ, கருவியைப் போட்டுவிட்டு வெளியே வந்து 999க்கு அடிக்க வேண்டும்.

“ஆக்கள் நிண்டு பிடிக்கிறாங்கள் இல்லை, எத்தனை தரம் பழக்கிறது?” என்று முதலாளிமார் கேட்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஆக்கள் அடிக்கடி மாறுகிற கடைக்குத்தான் பயிற்சியும் அடிக்கடி தேவை. போன வருசம் பழகியவர் இன்று வேறு கடையில் நிற்கிறார். சான்றிதழ் மட்டும் இங்கே தொங்குகிறது. பல கடைகளுக்கு மேலே குடும்பங்கள் படுத்துறங்குகின்றன என்பதையும் மறக்கக்கூடாது.

வேலை செய்பவர்களுக்கும் கடமை உண்டு. பாதுகாப்பு ஏற்பாட்டில் குறை தெரிந்தால் முதலாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 23ஆவது பிரிவு. விசா, சம்பளம் என்று பயந்து வாய்திறக்காமல் இருப்பவர்களின் நிலை எனக்குப் புரிகிறது. அதனால்தான் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அப்பாவின் கடைக் கணக்கையும் கவுன்சில் கடிதங்களையும் நீங்கள்தானே பார்க்கிறீர்கள்? அடுத்த முறை கடைக்குப் போகும்போது, கடைசியாகப் பயிற்சி நடந்த திகதியையும் ஃபிரையருக்குப் பக்கத்தில் மஞ்சள் பட்டை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தால், பக்கத்தில் நின்று தமிழில் விளங்கப்படுத்துங்கள். அரை நாள் வேலை போகும், போகட்டும்.