இளவேனில் விழாக்கள் இரண்டு

குளிர் நீங்கி மரங்கள் தளிர்க்கும் பருவத்தில் மக்கள் உள்ளமும் தளிர்க்கும். வடஇந்தியரின் ஹோலியும் ஈரானியரின் நவ்ரூஸும் அவ்வுவகையிற் பிறந்த விழாக்களாம். ஹோலி, பால்குன மாத முழுநிலாவை ஒட்டி வருவது. ஆதலின் அதன் நாள் ஆண்டுதோறும் மாறும். நவ்ரூஸோ, பகலும் இரவும் ஒத்து நிற்கும் மார்ச்சு 20 அல்லது 21-ஆம் நாளை ஒட்டி வருவது. முன்னது திங்களையும் பின்னது ஞாயிற்றையும் பின்பற்றும்.

எனினும், இரண்டிற்கும் முன்னே தீ நிற்கின்றது. ஹோலிக்கு முந்திய இரவில் விறகடுக்கித் தீ மூட்டுவர். ஈரானியர், ஆண்டின் இறுதிப் புதனுக்கு முந்திய மாலையில் தீயைத் தாண்டிக் குதித்து, தம் வெளிறிய நிறத்தைக் கொண்டு செம்மையைத் தருமாறு அதனை வேண்டுவர்.

இவ்வொற்றுமை கண்டு, யார் யாரிடம் கற்றனர் என வாதிடுவாரும் உளர். அவ்வாதத்தாற் பெறும் பயன் சிறிது. குளிரால் வாடினோர் எந்நாட்டவராயினும் தீயைப் போற்றுதல் இயல்பேயன்றோ? விழாக்கள் கற்பிக்கும் அறமே நாம் கொள்ளத்தக்கது. வண்ணம் படிந்த முகங்களில் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்னும் வேறுபாடு தோன்றாது. நவ்ரூஸுக்கு வீட்டைத் துலக்குவோர், பிணங்கினோரையும் நாடிச் சென்று வாழ்த்துவர்.

வண்ணத்தை நீர் கழுவிவிடும். அதனோடு சமன்மை உணர்வும் கழுவப்படுமாயின், அவ்விழா வெறும் ஆரவாரமே. மறுநாளும் நெஞ்சில் நிற்பதே உண்மையான இளவேனில்.