கட்டை அவிழ்க்கட்டும் பிள்ளைகள்

52-இல் 27-ஐக் கழி என்று கரும்பலகையில் எழுதினால், மூன்றாம் வகுப்பில் பல பிள்ளைகள் 35 என்று விடை போடுவார்கள். இரண்டில் ஏழு போகாது. ஆகவே ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து. ஐந்தில் இரண்டு போக மூன்று. இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. பெரியதிலிருந்துதான் சிறியது போகும் என்று அந்தப் பிள்ளை தானே ஒரு விதி செய்து வைத்திருக்கிறது. சிவப்பு மையால் சுழித்து, "பக்கத்துல கடன் வாங்கு" என்று சொன்னால் அடுத்த கணக்கு சரியாக வரலாம். விதி உள்ளேயே இருக்கும்.

அதே பிள்ளையிடம் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து ஈர்க்குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கொடுத்து, 27 குச்சி கேட்டுப் பாருங்கள். இரண்டு கட்டுகளை உடனே நீட்டும். ஏழுக்குத் திகைக்கும். உதிரியைப் பார்க்கும், நம்மைப் பார்க்கும், கடைசியில் ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவும். கடன் வாங்குவது என்றால் என்ன என்று அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்படிச் செய்து பார்த்துக் கற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்துச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. கொரோனா கால இடைவெளிக்குப் பின் 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் ஏற்பாடு அது. ஊரகப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் அசர் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2022-இல் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. 2024-இல் 12 பேர். ஏற்றம்தான். ஆனாலும் எட்டில் ஒருவர் என்பது பெருமைப்படும் கணக்கல்ல.

நம் குறை வேறு. ஐந்தாம் வகுப்போடு குச்சிகளும் அட்டைகளும் விடைபெறுகின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து நோட்ஸ், கைடு, 'முக்கிய வினாக்கள்'. பின்தங்கியவர்களுக்குத் தனியாகத் 'திறன்' பயிற்சி வந்திருக்கிறது, நல்லது. அன்றாடப் பாடம் நடக்கும் விதம் மாறவில்லையே.

செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் காலை மின்சார ரயிலுக்கு நிற்கும் இளைஞர்களைப் பாருங்கள். பட்டரவாக்கத்தில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். எதிர்த் திசையில் காக்களூர் சிட்கோ. வட எல்லையில் கும்மிடிப்பூண்டி சிப்காட். இந்தத் தொழிற்பேட்டைகளில் தேவைப்படும் வெர்னியர் அளவி, ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ஒரு பாடம். படம் வரைந்து, பாகம் குறித்து, மீச்சிற்றளவு 0.01 செ.மீ. என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சூப்பர்வைசர் கையில் வெர்னியரைக் கொடுத்து, "இந்த ஷாஃப்ட் எவ்வளவு, சொல்லு" என்பார். பள்ளியில் அதை ஒருமுறைகூடத் தொடாதவன் என்ன சொல்வான்?

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்கிறார்கள் ஆசிரியர்கள். பொய்யில்லை. எமிஸ் என்னும் இணையதளப் பதிவுகள் கற்பிக்கும் நேரத்தைத் தின்கின்றன என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. அந்தச் சுமையை முழுதாக இறக்குவது அரசின் வேலை. எல்லாவற்றையும் செய்து பார்த்தே கற்க வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. வாய்ப்பாடு மனப்பாடமாகத்தான் வேண்டும். அது தெரியாதவனுக்கு வகுத்தல் நரகம். ஆனால் மனப்பாடம் மட்டுமே பாடம் என்றால், அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் காலாண்டில் படித்தது காணாமல் போகும். இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை, எந்த ஆசிரியரும் சொல்வார்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை மனப்பாடத்திலிருந்து விலகச் சொல்கிறது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டது. அடுத்த மாற்றம் வினாத்தாளில் வரவேண்டும். 'வெர்னியரின் பாகங்களைக் குறி' என்பதற்குப் பதில், அளவைக் காட்டும் படம் ஒன்றைக் கொடுத்து 'இது எவ்வளவு, எப்படித் தெரியும்' என்று கேட்கட்டும். கேள்வி மாறினால் கைடும் தானாக மாறும்.

அதற்கு முன், நம் வட்டாரத்து உயர்நிலைப் பள்ளிகளில் பீரோவுக்குள் கிடக்கும் வெர்னியர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே மேசைக்கு வரட்டும். சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது. திறக்கச் சொல்ல வேண்டியது கல்வித்துறை.