கட்டுத்துணி செவிலியருக்கு ஈடாகாது

ஹவுராவை அடுத்த சாந்த்ராகாச்சி நிலையத்தில் சென்னை ரயிலுக்குக் காத்திருப்போரில் வேலை தேடி வருவோர் மட்டுமல்ல, வேலூருக்கும் சென்னைக்கும் சிகிச்சை தேடி வருவோரும் உண்டு. ஓர் இரவும் ஒரு பகலும் பயணம் செய்து, மொழி புரியாத மருத்துவமனையில் படுக்கும் முதியவருக்கு, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இரவில் நினைவு தடுமாறுவது அரிதல்ல. கிருமித் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, வலி, தூக்கமின்மை என இதற்குக் காரணங்கள் பல. மருத்துவர்கள் இதை டெலிரியம் என்கின்றனர். அவர் சொட்டுமருந்துக் குழாயைப் பிடுங்குகிறார். கட்டிலிலிருந்து இறங்க முயல்கிறார். அவருடைய கைகள் கட்டிலோடு கட்டப்படுகின்றன. வங்காளத்தில் அவர் கெஞ்சுவது அங்கு எவருக்கும் விளங்குவதில்லை.

கட்டிய செவிலியரைக் குற்றவாளியாக்குவது நிர்வாகங்களுக்கு வசதியானது. கட்டினால் பதற்றம் கூடும், மணிக்கட்டு புண்ணாகும் என்பதை அவரும் அறிவார். அருகில் அமர்ந்து பேசுவது, மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தருவது, உறவினரை உடனிருக்க விடுவது, தேவையற்ற குழாயை அகற்றச் செய்வது ஆகியவையே முதல் சிகிச்சை. ஆனால் இவற்றுக்கு நேரம் வேண்டும், ஆட்கள் வேண்டும். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவுகோல். இரவுப் பணியில் அது எங்கே பின்பற்றப்படுகிறது என்று செவிலியரிடமே கேட்கலாம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை முற்றிலும் தடை செய்தது. அதன் 97ஆவது பிரிவு, ஆள்பற்றாக்குறையை மட்டுமே காரணம் காட்டி நோயாளியைக் கட்டக்கூடாது என்கிறது. கட்டியதற்கான காரணத்தையும் கால அளவையும் உடனே பதிவு செய்ய வேண்டும் என்கிறது. சட்டமே ஒப்புக்கொண்டுள்ள உண்மை இது: ஆள் இல்லாத இடத்தில்தான் கட்டு வருகிறது. ஆயினும் இது மனநல நிறுவனங்களை மனதிற்கொண்டு எழுதப்பட்ட சட்டம். இடுப்பெலும்பு முறிவுக்காகப் பொதுப்பிரிவில் சேர்ந்தவருக்கு இதே பாதுகாப்பு ஏன் இருக்கக்கூடாது?

2017 நவம்பரில், மாதம் 7,700 ரூபாய்க்கு உழைத்த ஒப்பந்தச் செவிலியர் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் திரண்டு பணி நிரந்தரம் கோரினர். அது ஊதியக் கோரிக்கை மட்டுமன்று, நோயாளியின் கோரிக்கையும்கூட. 97ஆவது பிரிவின் விதிகளை அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒன்றிய அரசு விரிவாக்க வேண்டும். இரவுப் பணிக்கான செவிலியர் எண்ணிக்கையைச் சட்டமாக்கி, காலிப்பணியிடங்களை நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு மாநில அரசுகள் நிரப்ப வேண்டும்.