கிணறும் போச்சு, குளமும் போச்சு... கோவை பிள்ளைகள் நீச்சலை எங்கே கத்துக்குவாங்க? பார்க்கில் நீச்சல் குளம் சாத்தியமா?

பள்ளி லீவு விட்டதும் கொங்கு மாவட்டங்களில் ஒரே மாதிரியான செய்தி வரத் தொடங்கிவிடும்: "குளிக்கச் சென்றவர் நீரில் மூழ்கி பலி". இடம் மட்டும்தான் மாறும். ஒரு நாள் மேட்டுப்பாளையம் பவானி ஆறு, இன்னொரு நாள் பிஏபி வாய்க்கால், அடுத்து ஏதாவது ஒரு கல்குவாரிக் குட்டை.

2023 அக்டோபரில் வால்பாறை சோலையாறு எஸ்டேட் பகுதி ஆற்றில் குளிக்க இறங்கிய கோவை கல்லூரி மாணவர்கள் 5 பேர் ஒரே நாளில் உயிரிழந்தனர். நாடு முழுவதும் 2022-ல் மட்டும் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்ததாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. பள்ளி வயதிலேயே நீச்சல் கற்றுத்தர வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று.

சரி, எங்கே கற்றுத்தருவது? வீட்டுப் பக்கத்து பார்க்கிலேயே ஒரு நீச்சல் குளம் அமைத்தால் என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

முன்னாடி எப்படி கத்துக்கிட்டாங்க?

தோட்டத்துக் கிணறுதான் நீச்சல் பள்ளி. இடுப்பில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டி, மாமாவோ சித்தப்பாவோ தள்ளிவிடுவார். ஒரு வாரத்தில் பையன் தானாக நீந்துவான். நிலத்தடி நீர் இறங்கி, போர்வெல் வந்தபிறகு பல கிணறுகள் வறண்டுவிட்டன.

அந்தக் கிணறும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. யாருடைய தோட்டம், இறங்குபவர் என்ன சாதி என்ற கேள்வி இருந்தது. பெண் பிள்ளைகளை இறங்கவிட்ட வீடுகளும் குறைவு.

நகருக்குள் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளத்தின் கரைகள் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அழகாகிவிட்டன. வாக்கிங் போகலாம், செல்ஃபி எடுக்கலாம். கழிவுநீர் கலப்பதால் இறங்கிக் குளிக்க முடியாது. மிச்சம் இருப்பது பணம் கட்டிப் போகும் தனியார் குளங்கள்தான்.

வேறு ஊர்களில் இருக்கிறதா?

இருக்கிறது. சென்னை பெரியமேடு மை லேடீஸ் பூங்காவிலும், மெரினாவிலும் மாநகராட்சி நீச்சல் குளங்கள் உள்ளன. வேளச்சேரி நீச்சல் வளாகம் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டது.

நியூயார்க்கில் 1936 கோடையில் மட்டும் 11 பெரிய பொதுக் குளங்கள் திறக்கப்பட்டன. சிங்கப்பூரில் குடியிருப்புப் பகுதிகளிலேயே பொதுக் குளங்கள் உண்டு. தண்ணீரில் உயிர் தப்பும் பயிற்சியையும் அங்கே 2010 முதல் தேசிய திட்டமாக நடத்துகிறார்கள்.

குளம் எவ்வளவு பெருசு வேணும்?

நீச்சல் குளம் என்றதும் 50 மீட்டர் போட்டிக் குளம்தான் நினைவுக்கு வரும். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று வைத்தால் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு 2 மீட்டர் ஆழம் ஆபத்து.

பார்க்குக்கு 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம் போதும். ஒரு முனையில் 3 அடி, மறு முனையில் நாலரை அடி ஆழம். தண்ணீர் சுமார் 3.57 லட்சம் லிட்டர். குளம் மட்டும் 8 சென்ட்டுக்குள் அடங்கும். சுற்று நடைபாதை, உடைமாற்றும் அறை, ஃபில்டர் அறை சேர்த்தால் 20 முதல் 25 சென்ட்.

குடிக்கவே தண்ணி இல்லாத ஊரில் இது தேவையா?

நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் சிறுவாணி அணையின் நீர்மட்டமும் இறங்கும்.

கணக்கு இதுதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால், குளத்தை ஒருமுறை நிரப்பும் தண்ணீர் சுமார் 2,650 பேரின் ஒரு நாள் தேவை. ஆனால் தினமும் நிரப்ப வேண்டியதில்லை. ஃபில்டர் ஒழுங்காக ஓடினால் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் இழப்பு சுமார் 1,560 லிட்டர். வாரத்துக்கு ஒரு டேங்கர் லாரி அளவு. ஃபில்டர் கழுவும் தண்ணீர் தனி.

கோவைக்கு நல்ல மழை தரும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் குளத்தை நிரப்பிவிட்டால், கோடையில் இழப்பை மட்டும் ஈடுகட்டினால் போதும். பார்க் செடிகளுக்கு சுத்திகரித்த கழிவுநீரைக் கொடுத்து, அங்குள்ள போர் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பலாம்.

டிசைனில் எதை விடவே கூடாது?

* அடியில் ஒரே ஒரு உறிஞ்சு குழாய் வைத்தால் பிள்ளையின் முடியோ கையோ சிக்கலாம். இரண்டு குழாய், பாதுகாப்பு மூடியுடன் வேண்டும்.
* சுற்றிலும் வேலி, தானாகப் பூட்டிக்கொள்ளும் கேட். பார்க்கில் ஓடியாடும் குழந்தை தவறி விழக்கூடாது.
* ஆழத்தை அடிக்கணக்கில் தமிழில் பெரிதாக எழுத வேண்டும்.
* குளோரின் 1 பிபிஎம்-க்குக் குறையாமலும், பிஎச் 7 முதல் 7.8 வரையிலும் இருக்க வேண்டும். அளவை கேட்டிலேயே தினமும் எழுதிப் போட வேண்டும்.
* பெண்களுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர், வெளியிலிருந்து தெரியாத உடைமாற்றும் அறை. இவை இல்லாவிட்டால் குளம் பாதிப் பேருக்குத்தான்.
* குளம் திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிர்காப்பாளர் இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் கேட்டைப் பூட்டிவிட வேண்டும்.

இடம் எங்கே?

பெரிய லேஅவுட் போடும்போது 10 சதவீத இடத்தைப் பொதுவுக்கு ஒதுக்க வேண்டும். கோவைக்காரர்கள் 'ரிசர்வ் சைட்' என்று சொல்வது இதைத்தான். ஆக்கிரமிப்பிலிருந்து மாநகராட்சி மீட்ட இடங்களும் உண்டு.

பூங்கா, விளையாட்டுத் திடல்களைக் காக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அதனால் நீச்சல் குளத்தின் பெயரில் கடை, கேலரி, பார்க்கிங் என்று கான்கிரீட் ஏறினால் கேள்வி எழும். இருக்கும் மரங்களை வெட்டாத இடமாகவும் பார்க்க வேண்டும்.

ஒரு பெரிய குளமா, ஐந்து சின்னக் குளமா?

கோவை மாநகராட்சியில் 100 வார்டுகள், 5 மண்டலங்கள். மண்டலத்துக்கு ஒரு சின்னக் குளம் என்றால் ஐந்துக்கும் சேர்த்து சுமார் 17.85 லட்சம் லிட்டர்தான். ஒரே ஒரு போட்டிக் குளத்தை நிரப்பும் தண்ணீரைவிட இது குறைவு. ஒண்டிப்புதூர் பிள்ளை இரண்டு பஸ் மாறிப் போகவும் தேவையில்லை.

குளத்தில் நீந்தக் கற்றவர் ஆற்றிலும் தப்பிவிடுவார் என்று சொல்ல முடியாது. பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் பவானியில் திடீரென வரும் வேகத்துக்கு நல்ல நீச்சல்காரரும் தடுமாறுவார். எங்கே இறங்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகளை முதலில் ஓர் இடத்தில் கூட்ட வேண்டும். நாலரை அடித் தண்ணீரும், கரையில் ஒரு ஆளும் இருந்தால் அந்தப் பாடத்தைத் தொடங்கிவிடலாம்.