பெயர் வெளிவந்த அதிகாரி

1967-ஆம் ஆண்டில் புது டில்லியில், பிரிட்டிஷ் ஹைகமிஷனில் உத்தியோகம் பார்த்த கணவரோடு குடியிருந்த ஸ்டெல்லா ரிமிங்டன் என்ற மாது, அங்கே எம்.ஐ.5 என்னும் உள்நாட்டு உளவு ஸ்தாபனத்தின் பிரதிநிதியாக இருந்த அதிகாரிக்குக் குமாஸ்தா வேலையில் கைகொடுக்க ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தில் ஆவணக் காப்பாளராகப் பணிபுரிந்தவராதலால், பழைய தஸ்தாவேஜுக் கட்டுகளைப் பிரித்துப் பெயருக்குப் பெயர், தேதிக்குத் தேதி பொருத்திப் பார்க்கும் பொறுமை அவருக்கு முன்பே கைவந்திருந்தது. உளவுத் தொழிலில் பெரும்பகுதி அந்தப் பொறுமைதான்.

1969-இல் லண்டனில் நிரந்தரமாகச் சேர்ந்தபோது, பட்டம் பெற்ற பெண்ணும் உதவி அதிகாரி என்ற வரம்பைத் தாண்டுவது அரிது. அதைத் தாண்டி, 1992-இல் ஸ்தாபனத்தின் முதல் பெண் தலைவரானார்.

நான் அவரைப் போற்றுவது அந்த உயர்வுக்காக மட்டுமன்று. 1909-இல் தோன்றிய அந்த ஸ்தாபனம், எண்பது ஆண்டுகள் தனக்கென ஒரு சட்டமே இல்லாமல் இயங்கி, 1989-இல்தான் பார்லிமெண்டு வகுத்த வரம்புக்குள் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், 1991 டிசம்பரில் அதன் தலைவராக வரப்போகிறவரின் பெயரை அரசாங்கம் முதன்முறையாகப் பகிரங்கப்படுத்தியது எத்தகைய திருப்பம் என்பது விளங்கும். அதன் சுமை முழுவதும் அவர் தலையில்தான் விழுந்தது: ஐரிஷ் குடியரசுப் படையின் குண்டுகள் லண்டனில் வெடித்துக்கொண்டிருந்த அந்நாளில், பத்திரிகைக்காரர்கள் வீட்டைக் கண்டுபிடித்துவிட, குடியிருந்த இடத்தையே துறக்க நேர்ந்தது. அப்படியிருந்தும் அவர் ஒளிந்துகொள்ளவில்லை. 1993-இல் ஸ்தாபனத்தின் பணியை விளக்கும் சிறு நூல் வெளிவரச் செய்தார். மறு ஆண்டு பாதுகாப்பையும் ஜனநாயகத்தையும் பற்றித் தொலைக்காட்சியில் சொற்பொழிவாற்றினார். ஓய்வு பெற்றபின், அரசாங்க வட்டாரத்தின் எதிர்ப்பையும் மீறி, 2001-இல் சுயசரிதையை வெளியிட்டார்.

1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சங்கத்தை வேவு பார்த்ததாக எழுந்த குற்றச்சாட்டுக்கு, அரசைக் கவிழ்க்க முனைந்தவர்களை மட்டுமே கவனித்தோம் என்று அவர் அளித்த விளக்கம் எனக்குத் திருப்தி தரவில்லை. அத்தகையவர் யார் என்று தீர்மானித்ததும் அந்த ஸ்தாபனமேயல்லவா? ஆயினும், பெயரும் முகமும் இல்லாத ஒருவரை நிறுத்தி இக்கேள்வியைக் கேட்க எவராலும் இயலாது. அவரிடம் கேட்க முடிந்தது. பயங்கரவாத பயத்தைக் காட்டி அரசாங்கம் பிரஜைகளின் சுதந்திரத்தைச் சுருக்குகிறது என்று 2009-இல் அவர் கண்டித்ததையும் இதனோடு சேர்த்தே எண்ணுகிறேன். அந்த பயத்தின் மெய்யான அளவைக் கோப்புக் கோப்பாக வாசித்து அறிந்தவரின் வார்த்தை அது.