ஒரு பீடம், இரண்டு கூடம்

ஓர் ஊர்க் கோயில் கட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், அவ்வூரார் ஒருவரையொருவர் எவ்வாறு மதித்தனர் என்பது விளங்கிவிடும். ஐரோப்பாவில் சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன் எழுந்த ரோமானெஸ்க் பாணிக் கிராமக் கோயில்களை எடுத்துக்கொள்வோம். கனத்த கற்சுவர்கள், அரைவட்ட வளைவுகள், சிறு ஜன்னல்கள், நீண்ட கூடம், அதன் கோடியில் பலிபீடம், இவ்வளவே. பிரபு முன்னேயும் உழவன் பின்னேயும் நின்றிருக்கலாம். ஆயினும் இருவருக்கும் கூடம் ஒன்றே.

நமது நாட்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். பூண்டி, மன்னவனூர்க் குடியானவர்கள் சந்தைக்கு வரும் கொடைக்கானலில், 1866-ல் சலேத் மாதா கோயிலை எழுப்பியவர்கள் மதுரை மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சு ஏசு சபைக் குருமார். அதே மிஷனார் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம் என்னும் கிராமத்தில் 1872-ல் திருக்குடும்பக் கோயிலைக் கட்டி முடித்தனர். அதற்குப் பீடம் ஒன்று, கூடங்களோ இரண்டு! பீடத்தினின்று இரு கால்களைப்போல் அவை பிரிந்து செல்லும். ஒன்றில் வேளாளரும் அவரைச் சார்ந்தோரும், மற்றதில் நாடார் முதலியோரும் அமர்ந்தனர். இரு சாராரும் பீடத்தைக் காண்பர். நடுச்சுவரின் காரணமாக ஒருவரையொருவர் காணார். 'கால்சட்டைக் கோயில்' என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. ஜாதிச் சச்சரவுக்குக் கல்லாலும் சுண்ணாம்பாலும் செய்த சமாதானம் அது.

அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. 1910-ல் கௌசானல் பாதிரியார் சுவரை இடித்துத் தள்ளினார். வேளாளர் தரப்பினர் நியாயஸ்தலம் ஏறினர். சென்னை ஹைக்கோர்ட்டு வரை சென்றும் வழக்கு ஜெயிக்கவில்லை. இதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்புதான், 1908-ல், கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் நுழைய நாடார்களுக்கு உரிமையில்லை என்று லண்டன் பிரிவி கௌன்சில் தீர்ப்பளித்திருந்தது. ஹிந்துவாயினும் கிறிஸ்தவராயினும் ஜாதி என்னும் நோய் நமக்குப் பொதுவாகவே இருந்தது.

திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர் நீலகண்ட பிள்ளை, 1745 மே 14-ல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனதும் இதே வடக்கன்குளத்தில்தான். 2022 மே 15-ல் ரோமாபுரியில் அவரைப் புனிதர் என அறிவித்தபோது, 'பிள்ளை' என்னும் பட்டத்தை நீக்கியே பெயரைச் சொன்னார்கள். மிகவும் நன்று. ஆயினும் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில், இறந்தவர்களைக்கூட ஜாதிவாரியாகப் பிரித்து வைக்கும் வழக்கம் ஒழிந்தபாடில்லை.

வாசகர்கள் தத்தம் ஊர்க் கோயிலையும் மயானத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். இடிக்க வேண்டிய சுவர் ஏதேனும் இருந்தால் கண்ணுக்குத் தப்பாது.