எல்லாம் கொக்குத்தானா?

வெள்ளையாக எது நின்றாலும் கொக்கு என்று சொல்லிவிட்டுப் போவது நம் வழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். இரத்மலானைக்குக் குடிவந்து, பின்னேரங்களில் அத்திடியச் சதுப்புப் பக்கம் நடக்கத் தொடங்கிய பிறகுதான் புத்தி வந்தது.

போன கிழமை பேத்தி கேட்டாள்: "அப்பப்பா, அந்தக் கொக்கு மஞ்சள் சப்பாத்துப் போட்டிருக்கே?" பார்த்தேன். கறுத்த அலகு, கறுத்த கால், பாதம் மட்டும் மஞ்சள். அதுதான் சின்னக் கொக்கு. பக்கத்தில் மாட்டின் காலடியில் பூச்சி பொறுக்கியது உண்ணிக் கொக்கு; அதன் அலகு கட்டை, மஞ்சள். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பது எனக்கு இன்னும் சிரமம். வாய்ப்பிளவு கண்ணைத் தாண்டிப் பின்னே போனால் பெரியது; கண்ணுக்குக் கீழே நின்றுவிட்டால் நடுத்தரம். மடையானோ மண்ணோடு மண்ணாகக் குந்தியிருக்கும். எழுந்து பறக்கையில்தான் வெள்ளைச் சிறகு தெரியும்.

பெல்லன்வில–அத்திடிய 1990இல் சரணாலயமானது, 372 ஹெக்டேயர். 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற பெயரும் கிடைத்தது. பெயர் கிடைத்து என்ன? சதுப்போரத்தில் யாரோ கொட்டிய கட்டட இடிபாட்டைத் தாண்டித்தான் நடக்கிறேன். சும்மா கிடக்கிற நிலமென்ற நினைப்பு. மழை வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்வதும் அந்த நிலந்தான்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோரே, ஒரு ஞாயிறு விடியலில் பிள்ளைகளை இங்கே கூட்டி வாருங்கள். முதலில் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.